பாதியில் அழியும் படிவத்துக்கு நெட்வொர்க் என்ன செய்யும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசிச் செயலிகளைப் பற்றிய புகார்களில் ஒரு வகை மட்டும் எப்போதும் தவறான முகவரிக்கே போய்ச் சேருகிறது. விண்ணப்பப் படிவத்தில் முக்கால் பங்கு நிரப்பியாயிற்று, புகைப்படம் கேட்கிறது, கேமரா திறக்கிறது, படம் எடுத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி முதல் பக்கம். ஓடிபி பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்வந்தால் மீண்டும் 'மொபைல் எண்ணை உள்ளிடுக' என்று நிற்கிறது. கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை. கேட்டால் 'நெட்வொர்க் பிரச்சினை', 'சர்வர் பிஸி', 'உங்க போன் பழசு' என்ற மூன்றில் ஒன்று பதிலாக வரும்.

செயலிகளை எழுதுவதும் சோதிப்பதும் எங்கள் தொழில். இதில் முதல் இரண்டு கோளாறுகளுக்கும் நெட்வொர்க்குக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. விமானப் பயன்முறையில் வைத்துவிட்டு அதே படிவத்தை நிரப்பினாலும், கேமராவுக்குப் போய்வந்தால் அது அதேபோல் அழியும். மூன்றாவதில் நெட்வொர்க்குக்கும் வங்கிக்கும் பங்கு உண்டு; ஆனாலும் பாதிக் குழப்பம் செயலியின் வேலைதான். குறுக்கீடு வந்தால் என்ன செய்வது என்று அந்தச் செயலிக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

ஆண்ட்ராய்டில் ஒரு செயலிக்குத் திரையில் இருக்கும் வரைதான் முதல் மரியாதை. இயங்குதளம் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறது. திரையில் இருப்பதற்கு 0, இன்னொன்றின் பின்னால் பாதி தெரிவதற்கு 100, பின்னணியில் பாட்டு ஒலிக்கவிடுவது போன்றவற்றுக்கு 200, சற்றுமுன் பார்த்துவிட்டு வந்ததற்கு 700, சும்மா கிடப்பவற்றுக்கு 900 முதல் 999 வரை. நினைவகத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் பெரிய எண்ணிலிருந்து வெட்டு விழத் தொடங்கும். 2 ஜிபி, 3 ஜிபி ரேம் உள்ள போனில் கேமரா திறந்தால் அது ஒரே மூச்சில் நிறைய நினைவகம் கேட்கும். 900-க்கு மேலே உள்ளவை முதலில் போகும். அப்போதும் போதாவிட்டால் அடுத்த தலை, சற்றுமுன் வரை நீங்கள் நிரப்பிக்கொண்டிருந்த படிவத்துடையது. 'போன் பழசு' என்ற பதில் அரை உண்மை ஆவது இப்படித்தான். 8 ஜிபி போனில் இது எப்போதாவது நடக்கும், 2 ஜிபி போனில் தினமும் நடக்கும். எழுதியவர் மேசையில் இருப்பது 8 ஜிபி போன் என்பதால் அவர் கண்ணில் இது படுவதே இல்லை.

வெட்டுமுன் இயங்குதளம் சொல்லிவிட்டு வெட்டுவதில்லை. செயலியின் திரை பின்னுக்குப் போகும்போது இயங்குதளத்திடமிருந்து செயலிக்கு வரிசையாகச் சில அழைப்புகள் (போன் அழைப்பல்ல, நிரலுக்கான சமிக்ஞைகள்) வரும். கவனம் போகும்போது 'ஆன் பாஸ்', முழுவதும் மறைந்தபின் 'ஆன் ஸ்டாப்', திரையை அழிக்கும்போது 'ஆன் டெஸ்ட்ராய்'. கடைசி அழைப்பில் சேமித்துக்கொள்ளலாம் என்று நினைத்து எழுதப்பட்ட செயலிகள் இன்னும் இருக்கின்றன. நினைவகத்துக்காக வெட்டும்போது அந்தக் கடைசி அழைப்பு வரவே வராது. 'ஆன் பாஸ்' நிச்சயம் வரும். ஆனால் அது முடிந்தால்தான் அடுத்த திரை உயிர்பெறும் என்பதால், அங்கே நிறைய வேலை வைத்தால் போன் திக்கித் திக்கி நகரும். அங்கே சின்ன வேலைகள் மட்டும்தான். கொஞ்சம் கனமான சேமிப்புக்கு இடம் 'ஆன் ஸ்டாப்'. அதைவிடச் சிறந்தது, பயனர் ஒரு பெட்டியை முடித்து அடுத்ததற்குப் போகும்போதே அந்தப் பெட்டியைப் போனிலுள்ள தரவுத்தளத்தில் எழுதிவிடுவது. அப்படிச் செய்தால் எந்த நொடியில் வெட்டு விழுந்தாலும் போவது ஒரே ஒரு பெட்டி.

இவற்றோடு 'நிலையைச் சேமி' என்று இன்னோர் அழைப்பும் உண்டு. ஆண்ட்ராய்டு 9-லிருந்து அது 'ஆன் ஸ்டாப்' முடிந்தபின் வருகிறது. அதில் ஒரு சிறு பொட்டலம் கொடுப்பார்கள். செயலி செத்துப்போனாலும் பொட்டலம் இயங்குதளத்தின் கையில் பத்திரமாக இருக்கும்; பயனர் திரும்பி வந்ததும் அப்படியே திருப்பித் தரப்படும். எந்தப் பக்கத்தில் இருந்தார், எந்த விண்ணப்ப எண், எந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தார் என்ற அளவுக்குத்தான் அது. கூகுளின் பரிந்துரை 50 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது. சிலர் ஸ்கேன் செய்த சான்றிதழ் படத்தையே அதில் திணிக்கிறார்கள். பொட்டலம் போகும் பாதையின் மொத்தக் கொள்ளளவே 1 மெகாபைட். அதையும் அந்தச் செயலியில் அப்போது நடக்கும் மற்றப் பரிமாற்றங்களோடு பகிர வேண்டும். ஆண்ட்ராய்டு 7-லிருந்து அளவு மீறினால் செயலியே விழுந்துவிடும். 'முகப்புப் பொத்தானை அழுத்தினாலே செயலி நின்றுவிட்டது என்று வருகிறது' என்ற புகாரைக் கேட்டால் நாங்கள் முதலில் இந்தப் பொட்டலத்தைத்தான் பிரித்துப் பார்ப்போம்.

பயனர்களைக் குழப்பும் இன்னொரு காட்சி: திரும்பி வந்து பார்த்தால் பெயர் இருக்கிறது, முகவரி இருக்கிறது, பதிவேற்றிய சான்றிதழ்களின் பட்டியலைக் காணவில்லை. நிரலில் தனி அடையாளப் பெயர் சூட்டப்பட்ட எழுத்துப் பெட்டிகளை இயங்குதளம் தானே சேமித்து மீட்டுவிடும். எழுதியவர் தன் கணக்குக்கு வைத்திருந்த பட்டியல்களும் மாறிகளும் (நிரல் நினைவகத்தில் வைத்திருக்கும் மதிப்புகள்) அவர் சொன்னால்தான் சேமிக்கப்படும். இந்தப் பாதி மீட்பு முழு இழப்பைவிட மோசம். எல்லாம் இருக்கிறது என்று நம்பி 'சமர்ப்பி' அழுத்துவார்கள், சான்றிதழ் இல்லாத விண்ணப்பம் போய்ச் சேரும்.

கேமரா விஷயத்தில் தனியாக ஒரு பிழை உண்டு. படத்தை எங்கே வைக்க வேண்டும் என்ற பாதையை நினைவகத்தில் ஒரு மாறியில் வைத்துக்கொண்டு கேமராவைக் கூப்பிடுகிறார்கள். கேமரா படத்தை ஒழுங்காக எடுத்து அந்த இடத்தில் வைத்துவிடுகிறது. திரும்பி வருவதோ புதிதாய்ப் பிறந்த செயலி. அதற்குப் பாதை தெரியாது. படம் போனில் இருக்கும், படிவத்தில் இருக்காது. பாதையைப் பொட்டலத்தில் போட்டுவைப்பதும், கேமராவின் முடிவை வாங்க இயங்குதளத்திடம் செய்யும் பதிவைத் திரை உருவாகும்போதே செய்துவிடுவதும் போதும். நான்கைந்து வரி வேலை.

திரையைத் திருப்பினால் அழிவது வேறு கதை. அங்கே செயலி சாகவில்லை. திரை மட்டும் அழிந்து மறுபடி பிறக்கிறது. எழுத்தளவை மாற்றினாலும், மொழியைத் தமிழுக்கு மாற்றினாலும், இரவு நிறத்துக்குப் போனாலும், மடக்குப் போனை விரித்தாலும் இதே நடக்கும். இதற்கு 'வியூமாடல்' என்ற தனி அறை உண்டு; அதில் வைத்தது திரை மாற்றத்தைத் தாங்கும். வியூமாடலில் போட்டுவிட்டோம், இனி எல்லாம் பத்திரம் என்று நினைப்பதுதான் இன்று செயலி எழுதும் இளைஞர்கள் அதிகம் செய்யும் தவறு. செயலியே வெட்டப்பட்டால் அந்த அறையும் சேர்ந்து போகும். இன்னும் சிலர் படிவத்தை நேர்வாக்கில் பூட்டிவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள். கதவைச் சாத்தினால் ஓட்டை மறையுமா? எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் வயதானவருக்கு அது மறையவில்லை. பெரிய திரைக் கருவிகளில் அந்தப் பூட்டே செல்லாது என்று ஆண்ட்ராய்டு 16 சொல்லியாயிற்று. அந்தப் பதிப்பை இலக்காக வைத்து வெளியிடப்படும் செயலிகளுக்கு, சிறிய பக்கம் 600 டிபி-க்குக் (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) குறையாத கருவிகளில் இது பொருந்தும்.

ஐபோனில் விதி வேறு, முடிவு ஒன்றுதான். பின்னணிக்குப் போகும் செயலி தன் வேலையை முடித்துக்கொள்ளச் சுமார் 5 விநாடி. கூடுதல் அவகாசம் கேட்டால் இப்போது சுமார் 30 விநாடி கிடைக்கும். 2019-இல் ஐஓஎஸ் 13 வரும்வரை அது 3 நிமிடமாக இருந்தது. அந்தக் கணக்கில் எழுதிய பழைய பதிவேற்றங்கள் இன்று பாதியில் நிற்கின்றன. அவகாசம் முடிந்ததும் செயலி உறையவைக்கப்படும். உறைந்த நிலையில் நினைவகத்துக்காக நீக்கப்பட்டால் அதற்கு எந்த அறிவிப்பும் வராது. பெரிய கோப்பை அனுப்ப வேண்டுமென்றால் செயலியே அனுப்பிக்கொண்டிருக்கக் கூடாது. கோப்பை இயங்குதளத்தின் பின்னணிச் சேவையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டில் இதே வேலைக்கு 'வொர்க்மேனேஜர்' இருக்கிறது. போனை அணைத்துப் போட்டாலும் விட்ட வேலையை மறுபடி எடுத்துக்கொள்ளும்.

இனிப் பணம். கடைச் செயலியில் யுபிஐ அழுத்தியதும் பணச் செயலி முன்னால் வருகிறது, கடைச் செயலி பின்னால் போகிறது. மேலே சொன்ன 700 இப்போது கடைச் செயலிக்கு. ரகசிய 'பின்' எண்ணைப் போட்டு, பணம் கழிந்து, திரும்பும்போது கடைச் செயலி உயிரோடு இல்லாமல் இருக்கலாம். அல்லது பயனர் பின்செல்லும் பொத்தானை அழுத்தாமல் முகப்பு வழியாக வந்திருக்கலாம். அப்போது பணச் செயலியின் பதில் வந்து சேராது. சரியாக எழுதப்பட்ட கடைச் செயலி அந்தப் பதிலை நம்பி இருக்காது. பணச் செயலிக்கு அனுப்பும் முன்பே ஆர்டர் எண்ணைப் போனில் எழுதிவைக்கும். மீண்டும் திறக்கப்பட்டவுடன், பயனர் எதையும் அழுத்தும் முன், அந்த எண்ணுக்குப் பணம் வந்ததா என்று தன் சர்வரைக் கேட்கும். 'நிலுவையில் உள்ளது' என்ற பதிலைத் 'தோல்வி' என்று காட்டாது. மறுமுயற்சிக்குப் புது ஆர்டர் எண் உருவாக்காது. இந்த நான்கில் கடைசி இரண்டும் பிசகும்போதுதான் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு முறை பணம் போகிறது.

வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு தகவல். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ஆம் தேதியிட்ட சுற்றறிக்கையில் காலக்கெடு விதித்திருக்கிறது. யுபிஐ-யில் ஒருவர் கணக்கிலிருந்து பணம் கழிந்து மற்றவர் கணக்கில் சேரவில்லை என்றால், பரிவர்த்தனை நாளுக்கு அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். வணிகரிடம் செலுத்தி அவருக்கு உறுதிச் செய்தி போகவில்லை என்றால் 5 நாளுக்குள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. எனவே 'தோல்வி' என்று திரையில் வந்த உடனே மறுபடி செலுத்தாதீர்கள். பணச் செயலியின் வரலாற்றில் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, வங்கியின் பதிவில் பணம் கழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள்.

ஓடிபி விஷயத்தில் வங்கிச் செயலிகள் பாதுகாப்பைக் காரணம் காட்டுவதுண்டு. பின்னணிக்குப் போனதும் பூட்டிக்கொள்வது நியாயம்தான். பூட்டுவது வேறு, நிரப்பியதை எறிவது வேறு. பின் எண்ணைக் கேட்டுவிட்டு விட்ட இடத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம். கடவுச்சொல்லையும் அட்டை எண்ணையும் தவிர்த்து மற்றதைச் சேமிப்பதில் ஆபத்து ஒன்றுமில்லை. குறுஞ்செய்தியைத் தேடிப் பயனர் வெளியே போகவே தேவையில்லாதபடி, அனுமதி கேட்டு அந்த ஒரு செய்தியை மட்டும் வாசிக்கும் வசதி ஆண்ட்ராய்டில் இருக்கிறது. ஐபோனில் விசைப்பலகைக்கு மேலேயே எண் வந்து நிற்கும். (போகிறபோக்கில்: பின்னணிக்குப் போகும் செயலியின் கடைசித் திரையை இயங்குதளம் படம்பிடித்து, சமீபச் செயலிகள் பட்டியலில் காட்டும். அங்கே கணக்கு இருப்பு தெரிகிறதா என்று உங்கள் வங்கிச் செயலியை ஒருமுறை பாருங்கள். தெரிந்தால் அதை எழுதியவர் ஒரு வரியை விட்டுவிட்டார் என்று பொருள்.)

தேர்வுச் செயலிகளின் கடிகாரம் தனிக் கொடுமை. விநாடிக்கு ஒன்று குறைக்கும் எண்ணியை வைத்தால், திரை அணைந்து போன் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும்போது எண்ணியும் உறங்கிவிடும். ஒருவருக்கு 60 நிமிடத் தேர்வு 75 நிமிடம் ஓடும். போனின் நேரத்தை எடுத்துக்கொண்டால் அமைப்புகளில் போய் மாணவரே மாற்றிவிடலாம். போன் உறங்கினாலும் ஓடிக்கொண்டே இருக்கும் 'இலாப்ஸ்டு ரியல்டைம்' என்ற கடிகாரத்தையும், சர்வர் தந்த முடிவு நேரத்தையும் சேர்த்து வைத்தால்தான் கணக்கு நேராகும். செயலி வெட்டப்பட்டுப் புதிதாகத் திறந்தால் முடிவு நேரத்தை மறுபடி சர்வரிடமே கேட்க வேண்டும்.

தொலைபேசி அழைப்பு வரும்போது என்ன நடக்கிறது என்பதிலும் நிறையப் பேருக்குத் தவறான கருத்து உண்டு. திரை விழித்திருக்கும்போது வரும் அழைப்பு மேலே ஒரு பட்டையாக மட்டுமே வரலாம். அப்போது செயலிக்கு 'ஆன் பாஸ்' வராது. அறிவிப்புத் திரையை இழுத்தாலும் ஆண்ட்ராய்டில் வராது. ஐபோனில் செயலி செயலற்ற நிலைக்குப் போகும். ஆகவே ஒலியை நிறுத்த 'ஆன் பாஸை' நம்பக் கூடாது. ஒலிக்கென்று தனி உரிமை முறை இருக்கிறது. தற்காலிகமாகப் பறித்தால் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும், நிரந்தரமாகப் பறித்தால் தானாக மறுபடி தொடங்கக் கூடாது. பேருந்தில் இயர்போன் கழன்றதும் மொத்த வண்டிக்கும் பாட்டு கேட்கிறதே, அதற்கும் 'இப்போது சத்தம் வெளியே போகப்போகிறது' என்ற முன்னறிவிப்பை இயங்குதளம் அனுப்பத்தான் செய்கிறது. கேட்க வேண்டியது செயலி.

பயனர் பக்கத்திலும் ஒரு பழக்கம் மாற வேண்டும். ஒவ்வொரு முறையும் சமீபச் செயலிகள் எல்லாவற்றையும் துடைத்தால் போன் வேகமாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சும்மா கிடக்கும் செயலிகளைத் தேவைப்படும்போது இயங்குதளமே வெட்டிக்கொள்ளும். நீங்கள் துடைத்தால் மேலே சொன்ன பொட்டலமும் சேர்ந்து குப்பைக்குப் போகும். அடுத்த முறை செயலி அடியிலிருந்து தொடங்கும், பேட்டரியும் கூடுதலாகச் செலவாகும். சில நிறுவனங்களின் போன்களில் துடைப்பது கட்டாய நிறுத்தத்துக்குச் சமம். அதன்பிறகு நீங்களாகத் திறக்கும்வரை அந்தச் செயலியின் எந்த அலாரமும் அடிக்காது. மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி வைத்திருப்பவர்கள் அதைத் துடைக்காமல் விடுவதோடு, பேட்டரி அமைப்பில் 'கட்டுப்பாடு இல்லை' என்றும் வைக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதக் காரணம், செயலியைப் பணம் கொடுத்து வாங்கும் துறைகளும் கல்லூரிகளும் கூட்டுறவு வங்கிகளும் ஏற்புச் சோதனையில் இதைக் கேட்பதே இல்லை என்பதுதான். 'உள்நுழைந்தது, நிரப்பியது, சமர்ப்பித்தது' என்று நேர்வழியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திடுகிறார்கள். கேட்பதற்கு நிரல் தெரிய வேண்டியதில்லை. ஓர் ஆண்ட்ராய்டு போன், 3 ஜிபி ரேமுக்கு மேல் இல்லாதது, அரை மணி நேரம், அவ்வளவு போதும்.

அமைப்புகளில் 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குப் போய் 'பில்டு நம்பர்' என்பதை 7 முறை தட்டினால் டெவலப்பர் தேர்வுகள் திறக்கும். அதில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்பதை இயக்குங்கள். இனி எந்தத் திரையை விட்டு விலகினாலும் அது உடனே அழியும். படிவத்தைப் பாதி நிரப்பி, முகப்புக்குப் போய், திரும்புங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இதைச் செய்யுங்கள். கேமராவைத் திறந்து படம் எடுத்துத் திரும்புங்கள். எழுத்தளவை மாற்றிவிட்டுத் திரும்புங்கள். பணம் செலுத்தும் இடத்தில் பின் எண் போட்டவுடன் முகப்பை அழுத்தி, கடைச் செயலியை அதன் சின்னத்திலிருந்து திறந்து பாருங்கள்.

இந்தச் சோதனை திரையை மட்டும்தான் அழிக்கும், செயலியை அழிக்காது. இதில் தேறிவிட்டு நிஜத்தில் தோற்கும் செயலிகள் உண்டு. அதனால் இரண்டாவது சுற்றில் அதை அணைத்துவிட்டு, அதே பட்டியலில் 'பேக்ரவுண்ட் பிராசஸ் லிமிட்' என்பதை 'நோ பேக்ரவுண்ட் பிராசஸஸ்' என்று வைத்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். ஒப்பந்ததாரரின் ஆள் கணினியோடு வந்திருந்தால், செயலியை முகப்புக்கு அனுப்பிவிட்டு 'ஏடிபி' (கணினியிலிருந்து போனுக்கு ஆணையிடும் கருவி) கட்டளையில் 'ஏஎம் கில்' கொடுக்கச் சொல்லுங்கள். இயங்குதளம் நினைவகத்துக்காக வெட்டுவதற்கு மிக நெருங்கியது அதுதான். 'ஃபோர்ஸ் ஸ்டாப்' (கட்டாய நிறுத்தம்) கொடுத்துக் காட்டினால் ஏற்காதீர்கள். அது பொட்டலத்தையும் அழித்துவிடும் என்பதால், நல்ல செயலியும் அதில் முதல் பக்கத்துக்குத்தான் போகும். 'பாருங்கள், எல்லாச் செயலியும் இப்படித்தான்' என்று சொல்ல அவர்களுக்கு வசதியாகப் போய்விடும்.

சோதனை முடிந்ததும் இரண்டு தேர்வுகளையும் பழைய நிலைக்கு மாற்றிவிடுங்கள். பின்னணிக் கட்டுப்பாடு போனை மறுதொடக்கம் செய்தால் தானே போய்விடும். 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' போகாது. அதை மறந்துவிட்டு, எல்லாச் செயலியும் திடீரென்று கெட்டுவிட்டது என்று போனைப் பழுதுக் கடைக்குக் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கைப்பேசிச் செயலி உருவாக்குநர்கள் மற்றும் சோதனையாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்